இன்ஜினை அணைக்காதீங்க, அக்கா

கோபத்தில் நான் எடுத்த முடிவுகளுக்கெல்லாம் என்னிடம் நியாயம் உண்டு. காருக்குப் பேட்டரி மாற்றுவது எப்போது என்று எடுத்த முடிவுக்கும் உண்டு. கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். நாசரேத்திலிருந்து அப்பா அனுப்பி வைத்த பழைய கறுப்புக் காரை நானே ஓட்டுவேன். பீச் ரோட்டில் என் கார் வந்தால் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி ஓரமாக நிற்பார்கள். (மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.)

பொங்கல் முடிந்த கையோடு கார் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல். ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். துறைமுகச் சாலையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் மிக்கேல் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் தூக்கி, பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தட்டிவிட்டு, ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்.

"பேட்டரி போயிட்டு டீச்சரம்மா. ஆறு செல்லுல ஒண்ணு அவுட்டு. மாத்திருங்க."

இதோடு நிறுத்தியிருந்தால் அன்றைக்கே மாற்றியிருப்பேன். கர்த்தர் சாட்சி. ஆனால் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார்.

"எதுக்கும் சார்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க."

சார் என்றால் என் கணவர் ஜெபராஜ். வங்கியில் வேலை. பேட்டரிக்குள் இருப்பது அமிலமா ஆமணக்கெண்ணெயா என்று தெரியாது. நானோ வருஷத்துக்கு அறுபது பெண்களுக்கு ஈய அமில மின்கலத்தைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். நான் போய் அவரைக் கேட்க வேண்டுமாம்.

"அஞ்சு பாஸ், ஒண்ணு ஃபெயில்" என்றேன். "ஒரு பாடத்துல ஃபெயிலானா பிள்ளைய காலேஜ விட்டுத் துரத்திருவோமா அண்ணாச்சி?"

"பரீட்சைன்னா செப்டம்பர்ல எழுதலாம் டீச்சரம்மா. செல்லு போனா போனதுதான்."

நான் டீச்சர் இல்லை, லெக்சரர் என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். எடுத்தேன் என்றால், அவரே தள்ளிவிட்டார்.

அன்று முதல் அந்தப் பேட்டரி என் மானப்பிரச்சினை ஆயிற்று. ஆய்வகத்திலிருந்து காய்ச்சி வடித்த நீர் கொண்டுவந்து ஊற்றினேன். முனைகளைச் சோடா உப்புக் கரைசலால் கழுவினேன். ஹைட்ரோமீட்டரை விட்டு வாராவாரம் அடர்த்தி பார்த்து நோட்டில் எழுதினேன். ஐந்து செல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. ஆறாவது கேட்கவில்லை. அதைக் கண்டுகொள்ளாமல் சராசரி எடுத்தேன். சராசரி நன்றாகவே இருந்தது.

கார் மட்டும் கிளம்பவில்லை. மேட்டில் நிறுத்தி உருட்டிவிடலாம் என்றால் தூத்துக்குடியில் மேடு ஏது? சாயங்காலமானால் இரண்டாம் வருஷ மாணவிகள் பத்துப் பேர் தள்ளிவிடுவார்கள். ரொம்பப் பிரியமான பிள்ளைகள். (பிராக்டிகல் மார்க் என் கையில் இருந்தது.)

இப்படியே எட்டு மாதம் ஓட்டினேன். அப்போதுதான் ஜெபராஜின் தங்கை கிரேஸுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை டேனியல், சாத்தான்குளத்துப் பையன், சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பே வர வேண்டிய கப்பல் கடலில் காத்துக் கிடந்து, கல்யாணத்தன்று காலையில்தான் துறைமுகத்துக்குள் வந்தது. பத்து மணிக்குக் கோவிலில், அதாவது சர்ச்சில், ஆராதனை. பதினொன்றரைக்கு அதே கோவிலில் வேறொரு கல்யாணம். மாப்பிள்ளையைக் கூட்டி வர ஜெபராஜ் வாடகைக் கார் ஏற்பாடு செய்திருந்தார்.

"நம்ம கார் இருக்கும்போது வாடகைக் கார் எதுக்கு?" என்றேன்.

"பேட்டரி…" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். வாடகைக் காரை நானே திருப்பி அனுப்பினேன். கல்யாண வீட்டு ஆட்கள் பட்டு வேட்டியோடு தள்ளிவிட, துறைமுகத்துக்குக் கிளம்பினேன்.

டேனியல் சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாக கேட் வாசலில் நின்றார். நான் இன்ஜினை அணைக்காமலே ஏற்றிக்கொண்டேன். உட்கார்ந்து அரை நிமிஷம் ஆகியிருக்காது, காதைச் சாய்த்துக் கேட்டார்.

"பேட்டரி எப்ப மாத்துனது அக்கா?"

நான் கியரை மாற்றினேன். உப்பளங்களுக்கு நடுவே வருகையில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு வண்டி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நான்கு உப்பு லாரிகள்.

"இன்ஜினை அணைக்காதீங்க, அக்கா" என்றார் டேனியல்.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எட்டு மாதமாக மிக்கேல் அண்ணாச்சியும் ஜெபராஜும் கல்லூரி வாட்ச்மேனும் சொன்ன புத்திமதிகளுக்கு மேல் இதுவும் வந்து விழுந்தது. என்னைவிட ஆறு வயது சின்னப் பையன், இன்னும் தாலிகூடக் கட்டவில்லை, எனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறான்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்பி அணைத்தேன்.

சரக்கு வண்டி போயிற்று. கேட் திறந்தது. லாரிகள் போயின. சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடியும் திருப்பினேன். அந்த 'டிக்'கும் இல்லை.

டேனியல் ஒன்றும் சொல்லவில்லை. (சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதற்கும் வழியில்லை.) இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை எடுத்து முன்னால் செருகிச் சுற்றினார். பின்னால் நின்ற லாரி டிரைவரும் இறங்கி வந்து சுற்றினார்.

"கரண்டே இல்ல யக்கா, வெறும் இரும்பச் சுத்துத மாதிரி இருக்கு. தள்ளத்தான் செய்யணும்" என்றார்.

மணி ஒன்பதே முக்கால். டேனியலும் டிரைவரும் உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் தள்ளினார்கள். நான் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். குலுங்கியது, நின்றது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி குலுங்கியது. மூன்றாவது தடவை இன்ஜின் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

கார் சட்டென்று முன்னால் பாய, சாய்ந்து தள்ளிக்கொண்டிருந்த டேனியலுக்குப் பிடி போயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். ஓரத்து வாய்க்காலில் இடுப்பளவு உப்புச் சேற்றில் நின்றார், மாப்பிள்ளை.

நின்றால் கார் செத்துவிடும். நான் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் அப்போதுதான் கரையேறி இருந்தார்.

"ஓடி வந்து ஏறுங்க" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டிப் போனேன். மறுபடி திருப்பி வந்தேன். டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு கூடவே ஓட, டேனியல் பாய்ந்து உள்ளே விழுந்தார். மிக்கேல் அண்ணாச்சியின் ஷெட்டைத் தாண்டும்போது நேராகப் பார்த்து ஓட்டினேன்.

கோவில் வாசலில் பத்தேகாலுக்கு இறங்கினார். மேலே கோட்டும் டையும், கீழே சேறு. கோவில் மணியடிக்கும் கோவில்குட்டியார் அவசரமாகத் தன் வீட்டிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி கொண்டுவந்து கொடுத்தார். கோட்டும் வேட்டியுமாக டேனியல் உள்ளே போனதை கிரேஸ் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. ஏனென்றால் நான் காரைவிட்டு இறங்கவில்லை. அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் கார் சாவதை நான் அனுமதிக்க முடியாது. என் நாத்தனார் கல்யாணத்தை ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தபடி வெளியிலிருந்து கேட்டேன். பாதியில் சபை மூப்பர் ஒருவர் வந்து, "சத்தத்துல மாப்பிள்ள 'சம்மதம்'னு சொன்னதே கேக்கலையாம், பாதிரி ஐயர் ரெண்டாந்தடவ கேக்காரு" என்றார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அப்போது சைக்கிள் கேரியரில் புதுப் பேட்டரியைக் கட்டிக்கொண்டு மிக்கேல் அண்ணாச்சி வந்து இறங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார் சொல்லிவிட்டாரா?"

"சார் எங்க சொன்னாரு? ஷெட்டத் தாண்டும்போது சத்தத்தக் கேட்டேன், நானாத்தான் வாரேன். அணைச்சிருங்க டீச்சரம்மா."

அணைத்தேன். பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, முனைகளில் கிரீஸ் தடவினார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் கார் குழந்தைபோல் கிளம்பிற்று. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதேன். அவர் சைக்கிள் செயினைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

அந்தக் கல்யாணத்தின் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் டேனியல் மார்பு வரைதான் இருக்கிறார். யாராவது ஏனென்று கேட்பார்கள், அவர் கதையை ஆரம்பித்துவிடுவார். முதல் வருஷம் காரைத் தள்ளியது அரை மைல். மூத்த மகள் பிறந்தபோது இரண்டு மைல். போன கிறிஸ்மஸில் பேரப்பிள்ளைகளிடம், துறைமுகத்திலிருந்து கோவில் வாசல் வரைக்கும் தனி ஆளாகத் தள்ளியதாகச் சொன்னார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நானூறு கெஜம். மறுநாளே ஆய்வகத்து டேப்பை எடுத்துக்கொண்டு போய், லாரிகளுக்கு நடுவில் குனிந்து நானே அளந்தேன். நோட்டு இன்னும் இருக்கிறது. இதுவரை ஒருத்தர்கூட வாங்கிப் பார்க்கவில்லை.