போச்சு அண்ணாச்சியும் மூன்றாவது சிலிண்டரும்

உலகத்து மெக்கானிக்குகள் எல்லாம் வண்டிக்காரருக்கு ஆறுதல் சொல்வார்கள். வண்டிக்காரரிடம் ஆறுதல் எதிர்பார்க்கும் ஒரே மெக்கானிக் எங்கள் தச்சநல்லூர் போச்சு அண்ணாச்சிதான். எந்த வண்டியைத் திறந்தாலும் முதல் வார்த்தை ‘போச்சு’. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

ஒருமுறை என் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றப் போனேன். சத்தத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது. “எத்தன நாளா இப்படிக் கத்துது? எப்படிவே தூங்குதீரு?” என்றார். அதுவரை நன்றாகத் தூங்கியவன், ஒரு வாரம் தூங்கவில்லை. ஆனால் அவர் கைபட்ட வண்டி வழியில் நின்றதில்லை. அதனால் ஊரே பயந்துகொண்டு அவரிடம் போனது.

நான் முழுசாகப் பயந்தது போன வருஷம். என் மனைவியின் அண்ணனுக்குக் கப்பலில் வேலை. அவருடைய காலஞ்சென்ற அப்பா ஆசையாக வைத்திருந்த சிவப்பு நிற சீமைக் கார், இரண்டே பேர் உட்காரும் பந்தய ரகம், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஷெட்டில் நின்றது. “வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிருங்க மாப்ள” என்பதுதான் மச்சான் என்னிடம் கேட்ட ஒரே உதவி. இரண்டு மாசமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று மச்சான் தகவல் அனுப்பினார். திங்கள்கிழமை காலை ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து போன். சாவியை அணைக்காமலே பேசினேன். பம்ப் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பேசி முடித்து ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினேன். திணறியது. மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை ஒரு கணம் உறுமி, ‘ணங்’ என்று நின்றது. ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை.

போன் செய்ததும் ஓடிவந்த அண்ணாச்சி வாசலிலேயே மூக்கை உறிஞ்சி, “போச்சு” என்றார். முதலில் பேட்டரியைக் கழற்றினார். பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்ட அம்மாவிடம் கைகூப்பி, “தாயி, இன்னைக்கு மட்டும் வேண்டாம்” என்று கெஞ்சினார். பிறகு என்னிடம் வந்தார்.

“எத்தன தடவ அமுக்குனீரு?”

“ஒரு தடவதான் அண்ணாச்சி.”

என்னையே பார்த்தார்.

ஆயில் அளவுக் கம்பியை உருவினார். ஆயில் கூடியிருந்தது. ஒரு சொட்டை விரலில் தேய்த்து, “தண்ணியா இருக்கு. பெட்ரோல் எறங்கியிருக்கு வே” என்றார். நான்கு பிளக்குகளையும் கழற்றி, என்ஜினைப் பைய கையால் சுற்றினார். மூன்றாவது ஓட்டையிலிருந்து பெட்ரோல் பீறிட்டு அவர் சட்டையில் அடித்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்து, செய்தித்தாளால் விசிறினேன். யாருடைய வண்டி கெட்டது என்று எனக்கே குழப்பமாகிவிட்டது.

தெளிந்ததும் விளக்குமாறு கேட்டார். ஒரு ஈர்க்கை உருவி, ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தை நகத்தால் கீறினார். மூன்று கீறலும் ஒரே இடம். மூன்றாவது சிலிண்டருக்கு மட்டும் வேறு.

“ஒரு நெல்லு அளவு கீழ நிக்கி. காத்துன்னா அமுங்கும், பெட்ரோல் அமுங்காது. பிஸ்டனத் தாங்குத ராடு வளைஞ்சிட்டு.”

நான்கு நாளும் மணிக்கொரு தரம் போன் செய்தார். “சாப்பிட்டீரா?” என்பார். நான் பதில் சொல்வதற்குள், “எனக்கு எறங்கல” என்று வைத்துவிடுவார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் என்ஜினைப் பிரித்து முடித்திருந்தார்.

மச்சான் நேராக ஷெட்டுக்கு வந்தார். கழற்றிப் பரப்பிய என்ஜினைப் பார்த்தார். “யார் இதை ஸ்டார்ட் பண்ணது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி குறுக்கே வந்து நின்றார். “கார்புரேட்டர்ல பெட்ரோல அடைக்குத நீடில் ஒட்டிக்கிட்டு, பெட்ரோல் நிக்காம உள்ள எறங்கிட்டு. யாரு அமுக்குனாலும் இதான் நடந்திருக்கும். நான் அமுக்குனாலும்.”

நீடில் ஏன் ஒட்டியது என்பதை அவர் சொல்லவில்லை. இரண்டு மாசம் நின்றதில் பெட்ரோல் காய்ந்து பசையாகியிருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்காக அந்த மனிதர் வியர்த்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு மாசத்தையும் மூன்று தடவையையும் ஒப்புக்கொண்டேன்.

மச்சான் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சி ஒரு ஸ்டூலைத் துடைத்து அவருக்குப் போட்டார்.

“உக்காருங்க சார். சிலிண்டர் செவுத்துல கீறல் இல்ல. ராடு ஒண்ணு மாத்துனா போதும். ஓடும்.”

‘ஓடும்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

ராடு வெளிநாட்டிலிருந்து வந்துசேர ஒரு மாசம் ஆனது. லீவு முடிவதற்குள் மச்சான் அந்தக் காரில் ஏரல் வரை போய்வந்தார். பக்கத்து இருக்கையில் அண்ணாச்சி, கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்ததும் மச்சான் சாவியை என்னிடமே கொடுத்தார். வாரம் ஒரு தடவை தவறாமல் ஷெட்டுக்குப் போய் ஸ்டார்ட் செய்கிறேன்.

இப்போது என்னிடம் பழுதான வண்டி எதுவும் இல்லை. இருந்தாலும் சனிக்கிழமை சாயங்காலமானால் தச்சநல்லூருக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அவர் தனியாகக் கவலைப்படுவதில் எனக்குச் சம்மதமில்லை.