கூடத்துக்குள் வந்த கடல்

கண்ணாடிக்கடைக்காரருக்கு வாழ்க்கையில் இனி ஒரே ஓர் ஆசைதான். வீட்டுக் கூடத்துக்குள் கடல் வரவேண்டும்.

ப்ளூ-ரே பிளேயர் விற்கிற கடையில்தான் அந்த ஆசை பிடித்தது. பெரிய திரையில் ஓர் ஆமை, நீலத்துக்குள் அவசரமே இல்லாமல் நீந்திப் போனது. ஓட்டில் ஒட்டியிருந்த பாசியைக்கூட எண்ணிவிடலாம். இவர் வாயைப் பிளந்து நின்றார். இன்னும் சற்று நின்றிருந்தால் நாக்கில் உப்புக் கரித்திருக்கும். ஒரு வாரம் வீட்டில் ஆமைப் பேச்சாகவே பேசிவிட்டு, வாங்கியே தீருவது என்று மறுபடி அதே கடைக்குப் போனார்.

"இது தெளிவா இருக்கா சார், இல்ல இதுவா?" விற்பனையாளர், மீசைக்காரர், இரண்டு பிளேயர்களை மாற்றி மாற்றி ஓட்டிக் காட்டினார்.

இருபது வருஷமாக ஊரார் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டு இவர் கேட்கிற கேள்வி. தன்னிடமே திரும்பி வந்ததும் திணறிப்போனார்.

"மொதல்ல போட்டத இன்னொரு தடவ போடுங்க" என்றார், தன் வாடிக்கையாளர்களைப் போலவே.

ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மீசைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"பிளேயர் ராஜா மாதிரி சார். ராஜாவ எங்க உட்கார வைக்கப்போறீங்க? உங்க கூடம் வெறுந்தரைதானே?"

"ஆமா."

"எதிரொலிக்கும். கம்பளம் போடுங்க. ஜன்னல்ல மெல்லிசுத் துணியா?"

"ஆமா."

"கனமான திரைச்சீலையா மாத்துங்க. சுவரோரம் கண்ணாடிக் கதவு வச்ச அலமாரி ஒண்ணு இருக்குமே?"

"நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்களே."

"அனுபவம் சார். அத எடுக்கலேன்னா அலை அடிக்கிறப்பல்லாம் கதவு கடகடன்னு ஆடும்."

இங்கேதான் சிக்கல். பள்ளி ஆசிரியையான மனைவி இந்த மூன்றையும்தான் மூன்று வருஷமாகக் கேட்கிறாள். மூன்றுக்கும் 'முடியாது' என்று சாதித்தவர் இவர். அலமாரி நிறைய, என்றைக்காவது உதவும் என்று இவர் சேர்த்து வைத்த உடைந்த ஃபிரேம்கள். இப்போது எந்த முகத்தோடு கேட்பது? தன் யோசனைபோலவே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்.

"ஏம்மா, கூடத்துல ஒரு கம்பளம் போட்டா என்ன?"

மனைவி விடைத்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. "தூசி சேரும்."

"நானே தட்டறேன். கனமா ஒரு திரைச்சீலையும் போட்டா..."

"யாரு துவைக்கிறதாம்?"

"நான்தான். அப்புறம் அந்த அலமாரி..."

"ஐயோ, அது உங்க உயிராச்சே."

"உயிராவது ஒண்ணாவது. வெறும் ஃபிரேம்தானே." சொல்லிவிட்டு அலமாரிக் கதவை ஒருமுறை தடவிக்கொடுத்தார்.

"என்னமோ பண்ணுங்க. நாளைக்கு என்னாலதான்னு என் தலையில போடக்கூடாது."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிறு காலை பிளேயரைப் பொருத்திக் கொடுக்க மீசைக்காரர் வீட்டுக்கு வந்தார். அதற்குள் இவரே கேபிளை மாட்டி, 'சிக்னல் இல்லை' என்ற எழுத்தை ஒரு மணி நேரமாக வெகு துல்லியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ரிமோட்டை வாங்கினாள். "டிவியோட ரெண்டாவது ஓட்டையில சொருகிட்டு மொதலாவதுல தேடினா எப்படிங்க?" ஒரே அழுத்து.

கடல் வந்தது.

திரைச்சீலை வெயிலை வடிகட்டியது. கூடம் நீலமானது. கம்பளம் ஈர மணலாகிப் பாதத்தை வாங்கிக்கொண்டது. ஆமை திரையை விட்டிறங்கி, அலமாரி இருந்த இடத்தில் ஒரு வட்டமடித்து, சோபாவைக் கடந்து போனது. இவருக்குக் கண் சொருகியது.

அப்போது வாசலில் இரண்டு பேர் கிசுகிசுத்தார்கள். கூடத்தில்தான் இப்போது எதிரொலியே இல்லையே; ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்ததுபோல் கேட்டது.

"நீங்க எழுதிக் குடுத்த மூணையும் வரிசை மாறாம சொல்லிட்டேன் டீச்சர்."

"ஏண்டா, பத்தாவது படிக்கிறப்ப ஒரு செய்யுளாவது இப்படிப் பிசகாம ஒப்பிச்சிருக்கியா?"

"அடுத்து என்ன டீச்சர்?"

"சுவருக்குப் பெயின்ட். சுவர் அழுக்கா இருந்தா நீலம் மங்கும்னு அடுத்த வாரம் போன்ல சொல்லு."

எழுந்துபோய் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தார். ஆமை திரும்பி அவரைப் பார்த்தது. இவர் சுவரைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார். லேசாக மங்கத்தான் செய்கிறது.

"ஏம்மா" என்று குரல் கொடுத்தார், "நம்ம வீட்டுல பெயின்ட் பிரஷ் இருக்கா?"

"நேத்தே வாங்கி வச்சுட்டேங்க."