நோ கமா ப்ராப்ளம்

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் என் மனைவியோடு நடந்த எந்த விவாதத்திலும் நான் ஜெயித்ததில்லை. ஒரே ஒரு தடவை ஜெயித்ததுபோல் இருந்தது. கால் மணி நேரம் பேசினேன், அவள் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. அப்புறம்தான் காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தாள் என்று தெரிந்தது.

ஆகவே, போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்று ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். இனி வீட்டில் வாதாடுவதில்லை. ஒரே ஒரு ஆங்கிலத் தொடரை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டிவிடுவது.

அந்தத் தொடரை எனக்குக் கொடுத்தவர் எங்கள் மேனேஜர். கொடுத்தது அவருக்கே தெரியாது.

நான் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் முதல் மணி என் மேஜையில்தான் அடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் என்னிடம் பேசுகிற பேச்சை இங்கே எழுத முடியாது. குழந்தைகள் படிக்கக்கூடும். ஒரு தடவை ஒரு வக்கீல், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். என் மேல் எத்தனை சட்டப்பிரிவுகள் பாயும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். புதிதாக வந்த மேனேஜர் என் கையிலிருந்து ஃபோனை வாங்கி, "நோ ப்ராப்ளம் சார்" என்றார். வக்கீல் அடங்கிவிட்டார். அந்த லிஃப்டுக்குள் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று வக்கீல், இன்னொன்று ப்ராப்ளம். இருந்தும் அடங்கிவிட்டார்.

அதிலிருந்து நான் மேனேஜரைக் கவனிக்க ஆரம்பித்தேன். மெக்கானிக் ஒருவர் மூன்று நாள் லீவு கேட்டார். "நோ ப்ராப்ளம்." சந்தோஷமாகப் போனார். திரும்பி வந்து பார்த்தால், மூன்று மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் அவர் பெயர். யாரோ பிஸ்கட் தட்டை நீட்டினார்கள். கையைக் குறுக்கே காட்டி, "நோ ப்ராப்ளம்." வேண்டாமாம். டைப்பிஸ்ட் அம்மா நன்றி சொன்னார். அதற்கும் அதேதான். ஒருநாள் என் டீயை அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டேன். மூன்று விநாடி என்னையே பார்த்துவிட்டு, மெதுவாக, "நோ ப்ராப்ளம்" என்றார். அன்று முழுக்க நான் அவர் அறைப் பக்கமே போகவில்லை.

ஒரே தொடர்தான். வக்கீலுக்கு அது ஆறுதல், பிஸ்கட்டுக்கு மறுப்பு, எனக்கு மிரட்டல். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எதை எதிர்ப்பது என்று யாருக்கும் புரிந்தால்தானே. இந்த மனிதர் வீட்டில் ராஜாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பதிப்பகத்துக்குப் புரூஃப் பார்க்கிறாள். புத்தகம் அச்சாவதற்கு முன் பக்கம் பக்கமாகப் படித்து, பிழைகளைச் சிவப்புப் பேனாவால் பிடித்துப் போடுவது அவள் வேலை. வீட்டிலேயே, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்வாள். சாப்பிடும் நேரம் வந்தால் பக்கங்களை அடுக்கி ஃப்ரிட்ஜ் மேல் வைப்பாள். சாப்பிட்டு முடித்ததும் திரும்ப இறக்குவாள். வேலை முடிந்ததும் பேனாவை மூடி வைக்கிற பழக்கம் உண்டு. கண்ணை மூடி வைக்கிற பழக்கம் கிடையாது.

திங்கட்கிழமை சாயங்காலமே ஆயுதத்தைப் பரீட்சித்தேன்.

"சாப்பாடு எப்படிங்க இருக்கு?"

துளி உப்பு இல்லை. டீ கொட்டியபோது மேனேஜர் என்னைப் பார்த்த அதே பார்வை பார்த்து, "நோ ப்ராப்ளம்" என்றேன்.

"அப்பாடா. உப்பு டப்பா காலின்னு அப்புறம்தான் பாத்தேன். நீங்க கத்துவீங்கன்னு நினைச்சேன். பரவாயில்லையே, இப்படியே பழகிக்கலாம். உடம்புக்கும் நல்லது."

நாலு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை, "தம்பி வீடு மாத்தறான். நாளைக்கு நீங்க கொஞ்சம் கை கொடுப்பீங்களான்னு கேட்டான்" என்றாள்.

இந்தத் தடவை பிஸ்கட் பாணி. கையைக் குறுக்கே காட்டி, "நோ ப்ராப்ளம்."

அவள் உடனே தம்பிக்கு ஃபோன் போட்டாள். "அத்தான் வர்றாரு. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள சரின்னுட்டாரு. கையை வேற ஆட்டினாரு, அவ்வளவு ஆர்வம்."

சனிக்கிழமை மச்சானின் பீரோவை மூன்று மாடி முதுகில் ஏற்றினேன். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. பராமரிப்பது எங்கள் கம்பெனிதான். இரண்டு வாரத்துக்கு முன் அந்தப் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, "ஆள் அனுப்பறோம்" என்று சொன்னதும் நான்தான்.

வீட்டுக்குத் திரும்பி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறியபோது எங்கள் எதிர் வீட்டுப் பல் டாக்டர் பார்த்துவிட்டார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மற்றவர்கள் வாயைத் திறந்தபடி இருப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

"நானும் க்ளினிக்ல அதைத்தான் சொல்றேன்" என்றார். "நான் நோ ப்ராப்ளம்னு சொன்னா, வலிக்கப் போகுதுன்னு அர்த்தம். பேஷன்ட்டுக்கும் அது தெரியும். ஆனா அவர் வாய்க்குள்ள ரெண்டு கருவி இருக்கும், பதில் சொல்ல முடியாது. உங்க வீட்டுல அந்த வசதி இல்லை."

"அப்ப நான் எப்படித்தான் முடியாதுன்னு சொல்றது?"

கொஞ்சம் யோசித்தார். "நோன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடுங்க. அப்புறமா ப்ராப்ளம்னு சொல்லுங்க. சேர்த்துச் சொன்னா, பிரச்சினை இல்லை. நடுவுல கமா போட்டுட்டா, முடியாது, பிரச்சினை. கேக்கறதுக்கும் மரியாதையா இருக்கும்."

மகா மேதை. பல்லோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது.

இரண்டு நாள் ஆபீசில் பயிற்சி எடுத்தேன். லிஃப்டில் மாட்டியிருந்த ஒருவரிடம், "நோ... ப்ராப்ளம்" என்றபோது, "ஹலோ, லைன் விட்டு விட்டு வருது" என்றார். கமா சரியாக விழுகிறது என்று குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அதற்கு வேலை வந்தது.

எங்கள் வீட்டில் ஒரு சின்ன அறை உண்டு. பெரிய ஜன்னல், நல்ல வெளிச்சம், நல்ல காற்று. அது என் அறை. அங்கே ஒரு சாய்வு நாற்காலியும் மூன்று ரேடியோக்களும் இருந்தன. மூன்றும் ஓடாது. என்றைக்காவது பழுது பார்க்கலாம் என்று ஏழு வருஷமாகத் திட்டம் போட்டு வருகிறேன். ஞாயிறு மதியம் அந்த நாற்காலியில் சாய்ந்து திட்டத்தை யோசிப்பேன். யோசிக்கும்போது குறட்டை வரும்.

அன்று ஆபீசிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். பேனா கையில் இல்லை. அதுவே விபரீதம்.

"பதிப்பகத்துல ஒரு பெரிய வேலை கொடுக்கறாங்க. செடிகொடி பத்தி ஒரு கலைக்களஞ்சியம். இதை நல்லபடியா முடிச்சா என்னைத் தலைமைப் புரூஃப் ரீடரா போடறதா சொல்லியிருக்காங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

"ஆனா சாப்பாட்டு மேஜையில வெச்சு இதைப் பண்ண முடியாது. தினம் மூணு வேளை தூக்கித் தூக்கி வெச்சா பக்கம் வரிசை மாறிப்போகுது. போன புத்தகத்துல நூத்திப் பதினாலாம் பக்கத்துல நீங்க ஜாம் வேற கொட்டிட்டீங்க."

"அது தெரியாம."

"பழ வளர்ப்பு பத்தின பக்கம்கறதால தப்பிச்சேன். அந்தச் சின்ன ரூமை எனக்குக் கொடுக்கறீங்களா?"

என் நாற்காலி, என் ஜன்னல், என் குறட்டை. எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நோ" என்றேன்.

மூச்சு விட்டேன். சுவர்க் கடிகாரம் இரண்டு தடவை டிக் டிக் என்றது. நல்ல, கொழுத்த கமா.

"ப்ராப்ளம்."

அவள் என்னைப் பார்த்தாள். கண் லேசாகச் சுருங்கியது. பிறகு சிரித்தாள். "சரிங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அவ்வளவுதான். அழுகை இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை. ஒன்பது வருஷத்தில் முதல் வெற்றி. குளிக்கும்போது பாடினேன். எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வாசலில் செருப்பு அலமாரி மேல் மூன்று ரேடியோக்கள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. பால்கனியில் சாய்வு நாற்காலி, அதன் மேல் ஈரத்துண்டு. சின்ன அறையில் புது மேஜை, விளக்கு, மலை மாதிரி காகிதம். நடுவில் சிவப்புப் பேனாவோடு என் மனைவி.

"என்ன இது?"

"ரூம். நீங்கதானே கொடுத்தீங்க."

"நான் எப்பக் கொடுத்தேன்? நான் நோன்னேன்."

"நோ ப்ராப்ளம்னீங்க."

"நடுவுல கமா இருந்தது."

பேனாவைக் கீழே வைத்தாள். "இருந்தது. எனக்கும் கேட்டுது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கேட்டுதா? அப்புறம் எப்படி?"

"தப்பான இடத்துல இருந்தது. எடுத்துட்டேன்."

"நீ எப்படி எடுக்கலாம்? சொன்னது நான். என் மனசுல என்ன இருந்ததுன்னு எனக்குத்தானே தெரியும்."

"எழுதறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றாள். "சரி, பிரச்சினைன்னு சொன்னீங்கள்ல. என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

"ரேடியோவெல்லாம் இருக்கே."

"எது ஓடுது?"

"எதுவும் ஓடல."

"ஓடாததுக்கு எந்த இடமா இருந்தா என்ன? எங்கேயும் போயிடாது." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒன்பது வருஷமாச்சுங்க. வீட்டுல யாருக்காவது பசிச்சா என் வேலை ஃப்ரிட்ஜ் மேல ஏறிடுது. நான் நேராத்தான் கேட்டேன். நீங்களும் நேரா ஒரு பதில் சொல்லியிருக்கலாம்."

 அவள் பக்கங்களை எடுத்து வைப்பதை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். தட்டுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றுதான் பார்த்திருக்கிறேன். நானே போய் ஈரத்துண்டை மடித்து வைத்தேன். அதைத் தவிர வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை வரை காத்திருந்து மேனேஜரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். "சார், வீட்டுலயும் நீங்க நோ ப்ராப்ளம்னுதான் சொல்வீங்களா?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வீட்டுல அதைச் சொல்றது என் வைஃப்" என்றார். "அவங்க சொன்னா எனக்கு எப்படி இருக்குமோ, அப்படி மத்தவங்களுக்கு இருக்கட்டுமேன்னு இங்க வந்து சொல்லிட்டுப் போறேன். நீங்க இதை யார்கிட்டயும் சொல்லிட வேண்டாம்."

"நோ ப்ராப்ளம் சார்" என்றேன். முதல் தடவையாக, உண்மையான அர்த்தத்தில்.

ஆனாலும் தூக்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் பால்கனியில் வரவில்லை. வெயில் அடித்தது, காக்கா உட்கார்ந்தது. இனி நேராகப் பேசுவது என்று தீர்மானித்து, மனைவியின் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை மதியம் மட்டும் ரெண்டு மணி நேரம் நானும் இந்த ரூம்ல இருந்துக்கட்டுமா? உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

"நிச்சயமா இருக்கணுமா?"

"நிச்சயமா."

"வாரா வாரமா?"

"வாரா வாரம்."

"தாராளமா வாங்க. உங்க நாற்காலியையும் உள்ள போட்டு வெக்கறேன்."

நேர்மைக்கு இவ்வளவு மதிப்பா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒன்பது வருஷம் வீணாகிவிட்டதே என்றுகூட நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டு முடித்துவிட்டு, தலையணையோடு உள்ளே போனேன். நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. நான் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு காகிதக் கட்டு இருந்தது.

"இதை எங்கே வெக்கட்டும்?"

"மடியில வெச்சுக்குங்க. அது மூலப் பிரதி. இவ்வளவு பெரிய புத்தகத்துக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மூலத்தை உரக்கப் படிக்கணும், இன்னொருத்தர் அச்சுப் பக்கத்தோட ஒத்துப் பாக்கணும். பதிப்பகத்துலேர்ந்து ஆள் அனுப்பறோம்னாங்க. வேண்டாம், எங்க வீட்டுக்காரரே வாரா வாரம் வர்றேன்னு கேட்டு வாங்கிக்கிட்டாருன்னு சொல்லிட்டேன்."

"நான் தூங்கறதுக்குத்தானே கேட்டேன்?"

"அப்படிச் சொல்லலையே. ரூம்ல இருக்கணும்னுதான் கேட்டீங்க. நிச்சயமான்னு கேட்டேன், வாரா வாரமான்னும் கேட்டேன்."

தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் காகிதத்தை வைத்து, பாசி வகைகளிலிருந்து ஆரம்பித்தேன்.

இன்றோடு நாலு ஞாயிறு ஆகிறது. மொத்தம் எழுநூற்று அறுபது பக்கம். பத்தொன்பதாம் பக்கத்தில் இருக்கிறோம், நான் கொட்டாவி விட்ட வரிகளையெல்லாம் மறுபடி படிக்கச் சொல்கிறாள்.