மூத்தாளுக்கு லாரி சொல்லியாயிற்று

மதிப்பும் பாசமும் நிறைந்த அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி ஒன்றேகால். குழந்தை இப்போதுதான் கண் மூடினாள். உங்கள் தம்பி ஒன்பதரைக்கே மூடிவிட்டார். இங்கே நான், குழந்தை, உங்கள் தம்பி, கார் ஆகிய நால்வரும் நலம். நால்வரில் கார் மட்டும் மற்ற மூவரையும்விட ஒரு படி கூடுதல் நலம். அங்கே நீங்கள், அண்ணன், பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் வீட்டுக் காருக்கு நான்கு கதவு, ஐந்து பேர் உட்காரலாம், அதை யாரும் தடவிக் கொடுப்பதில்லை. சௌக்கியத்துக்கு என்ன குறை?

போனில் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். சொன்னால் பாதியில் நீங்கள் சிரித்துவிடுவீர்கள், நான் அழுதுவிடுவேன், பக்கத்து அறையில் இருப்பவர் என்னவென்று கேட்பார். எதிர்வீட்டு டீச்சர் வெள்ளிக்கிழமை காலை உங்கள் ஊருக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணி. உங்கள் தம்பியின் காரை நான் விற்றுவிட்டேன். அதாவது, வாக்குக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு லாரி வருகிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் உங்கள் தம்பி. அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டியது நீங்கள்.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள், என் பக்கத்தையும் கேளுங்கள். அந்தக் கார் இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷம். நான் வந்து நாலு வருஷம். குழந்தை வந்து எட்டு மாதம். சீனியாரிட்டிப்படி பார்த்தால் என் புகார் எடுபடாது என்று எனக்கே தெரியும். அதனால்தான் வந்த புதிதில் அதற்கு மூத்தாள் என்று பெயர் வைத்தேன். அப்போது அவர் ரசித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், கல்யாணமான புதிதில் எதற்கும்தான் சிரிப்போமே. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் அவர் சிரிப்பதில்லை, "ம், மூத்தாளுக்கு ஆயில் மாத்தணும்" என்று சாதாரணமாகப் பதில் சொல்கிறார். சக்களத்திக்கு நானே பெயர் வைத்துப் பட்டம் கட்டி உட்கார வைத்திருக்கிறேன், அண்ணி, வேறு யாரைக் குறை சொல்வது?

ஒன்று கேளுங்கள். குழந்தை படுக்கும் அறையில் வடக்குச் சுவர் ஓதம் காத்து, மூலையில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. வீட்டில் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று இருக்கிறது. எங்கே இருக்கிறது? ஷெட்டில். மூத்தாளின் காலடியில். ராத்திரி பகல் ஓடுகிறது. "அதைக் கொஞ்ச நாள் குழந்தை ரூம்ல வைக்கலாமே" என்றேன். "அவளுக்குத் துரு பிடிக்கும்மா" என்றார். "குழந்தைக்குச் சளி பிடிக்குதே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார், அண்ணி. யோசித்தார்! அப்புறம், "சளி வந்தா போயிடும், துரு வந்தா போகாது" என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார், அது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போய்க் காரின் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி. மூன்றாம் நாள் மெஷின் தானாக ஷெட்டுக்கு நடந்து போயிருந்தது. துணி விஷயம் தனி. குழந்தைக்கு என்று துவைத்துத் துவைத்துப் பஞ்சாக்கி வைத்திருந்த வெள்ளைத் துணிகளில் ஆறைக் காணோம் என்று நான் அலமாரியைக் கவிழ்த்துத் தேடினால், ஆறும் ஷெட்டில், பம்பரைத் துடைத்துக்கொண்டிருக்கின்றன. "மெல்லிசா இருந்துச்சு, கீறல் விழாது" என்கிறார். ஒவ்வொன்றையும் முதலில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தாராம். அதே மனிதர் நேற்று குழந்தையின் வாயை மிதியடி பக்கத்தில் கிடந்த துண்டால் துடைத்தார்.

மழை வந்தால் அவர் குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஆபீஸ் போவார், கார் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும். இரண்டே சீட் என்பதால் எங்கள் மூவருக்கும் அதில் இடமில்லை, அதையாவது ஒப்புக்கொள்கிறாரா என்றால் அதுவும் இல்லை. போன மாதம் குழந்தைக்குத் தடுப்பூசி. நானும் குழந்தையும் டாக்ஸியில். அவர் எங்கள் பின்னால் மூத்தாளில். ஏனென்றால் அன்று அதை ஓட்ட வேண்டிய முறையாம், ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் அதன் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்ளுமாம். சிக்னலில் நாங்கள் நின்றபோது பக்கத்தில் இருந்த நாலு பேர் இறங்கி வந்து காரைப் படம் எடுக்கிறார்கள். அவர் கூரையை மடக்கிவிட்டு, எங்களைப் பார்த்துக் கை ஆட்டுகிறார். டாக்ஸி டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாரும்மா அது, தெரிஞ்சவரா?" என்று கேட்டார். "பார்த்த மாதிரி இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த நோட்டுப் புத்தகம்தான் என்னைக் கெடுத்தது. காருக்கு என்று ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறார், உங்களுக்கும் தெரிந்திருக்கும். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு ஓட்டமும், ஒவ்வொரு சத்தமும் தேதி போட்டு. ஒரு நாள் மத்தியானம் அதை எடுத்து என் பெயரைத் தேடினேன். படித்தவள் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள், படித்தவள்தான் செய்வாள், மற்றவர்கள் நேரே சண்டை போட்டுவிடுவார்கள். எங்கள் கல்யாணத்தன்று என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? "தூரம்: பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டாம் கியரில் முனகல்." முனகியது நான் இல்லை, அண்ணி, நான் அன்று ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். குழந்தை பிறந்த நாளில்: "ஓட்டவில்லை." அவ்வளவுதான். ஒரு சொல். ஆனால் அதற்கு நாலு பக்கம் தள்ளி, ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கேயோ கடல் தாண்டி ஒரு முன்பின் தெரியாத ஆள் அனுப்பிய கார்புரேட்டர் மூடி வந்து சேர்ந்ததற்கு ஒன்றரைப் பக்கம். கடைசி வரி: "கண் கலங்கிவிட்டது."

அன்றைக்கே உட்கார்ந்து விளம்பரம் எழுதினேன். பழைய கார்ப் பைத்தியங்கள் பார்க்கிற இணையதளம் ஒன்று இருக்கிறது, அவர் தினமும் பார்ப்பது அதுவல்ல, வேறு. பொய் சொல்லி ஒரு பொருளை விற்கக் கூடாது என்று உண்மையை எழுதினேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் சேர்ந்திருக்கலாம். "இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். பச்சை. வயது ஐம்பத்திரண்டு. கூரை ஒழுகும். ஆயில் குடிக்கும், குடித்ததைத் தரையில் துப்பும். இடது கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்தும். குடும்பஸ்தர்களுக்கு உகந்ததல்ல." இதைப் படித்து எவன் வருவான், வந்தால் தலையெழுத்து என்றுதான் நினைத்தேன். இருபத்து மூன்று பேர் கூப்பிட்டார்கள், அண்ணி! குற்றம் சொல்லச் சொல்ல அவர்களுக்குக் குளிர்ந்து போகிறது. ஒருவர், "அந்த ஒழுகற கூரை ஒரிஜினலாம்மா?" என்றார். "ஒரிஜினல்தான்" என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. இன்னொருவர் கதவு சாத்தும் சத்தத்தைப் போனில் கேட்க வேண்டும் என்றார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய் மூன்று தடவை சாத்திக் காட்டினேன். "இன்னொரு தடவை" என்றார். வைத்துவிட்டேன்.

கடைசியில் ஒரு ஓய்வு பெற்ற பல் டாக்டரை வரச் சொன்னேன். இன்று மத்தியானம் வந்தார், உங்கள் தம்பி ஆபீஸில் இருந்த நேரம். நல்ல பேன்ட்டோடு தரையில் மல்லாந்து படுத்து, சின்ன டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, காரின் அடியில் புகுந்து டொக் டொக் என்று தட்டினார். "ஓரத்துல கொஞ்சம் அரிச்சிருக்கு, ஆனா வேர் கெட்டி" என்றார் உள்ளேயிருந்து. எழுந்து வந்து பானெட்டை உள்ளங்கையால் நீவினார். அண்ணி, இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குக் காது சுட்டது. கூட்டத்தில் ஒருவன் நம் வீட்டு ஆளின் தோளில் உரிமையோடு கை போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. அடுத்து சீட்டைக் குனிந்து பார்த்து, "யாரோ கையால தைச்சிருக்காங்க, கத்துக்குட்டி வேலை" என்றார். கல்யாணமான முதல் வருஷம் அந்தத் தோல் கிழிந்தபோது மூன்று இடத்தில் விரலைக் குத்திக்கொண்டு தைத்தவள் நான்தான். "அது அப்படித்தான் இருக்கும், வேணும்னா எடுத்துக்குங்க" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. எடுத்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்!

டாக்டரின் மனைவி வந்த காரைவிட்டு இறங்கவே இல்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டு, "எத்தனை வருஷமா வச்சிருக்கார் உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டார்.

"பதினாலு."

"இதே வண்டியையா?"

"இதே வண்டியைத்தான்."

"மாத்தவே இல்லையா?" என்றார். "எங்க ஆளு ஆறு மாசத்துக்கு ஒண்ணு. வந்த அன்னிக்குத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவார், அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டார். பின்கட்டுல மூணு நிக்குது, கோழிதான் முட்டையிடுது." தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கொடுத்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் உன்னையும் இப்படித்தான் வச்சுப்பார்னு நினைச்சுக்கோ." ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று இந்த நிமிஷம்வரை தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒழுகிக்கொண்டு ஷெட்டில் நிற்கும்போது என்னைத் தினமும் துடைப்பார் என்பது ஒரு சந்தோஷமா? அதுவரைக்கும் நான் என்ன செய்வது?

ஆகவே அண்ணி, இந்த உலகத்தில் அவர் பயப்படும் ஒரே ஆள் நீங்கள். சனிக்கிழமைக்குள் போன் செய்யுங்கள். நான் விளம்பரம் கொடுத்தேன் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். முதலில் குழந்தையின் சளியைக் கேளுங்கள், பிறகு அறையின் ஈரத்தை, பிறகு நாலு சீட் வைத்த கார்களைப் பற்றிப் பொதுவாக. அவர் "ம்" கொட்ட ஆரம்பித்ததும் லாரியைச் சொல்லுங்கள். அவர் அழுதால் எனக்கு உடனே தெரிவியுங்கள். எனக்காக அழுததை நான் இதுவரை பார்த்ததில்லை, குறைந்தபட்சம் எப்படி அழுவார் என்றாவது தெரிந்துகொள்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம். பெரியவனுக்குப் பரீட்சை நல்லபடி முடிய வேண்டும், சின்னவள் பல் விழுந்த இடத்தில் புதுப் பல் நேராக முளைக்க வேண்டும். உங்கள் மருமகள் இரண்டு கையாலும் உங்களை அழைக்கிறாள். எல்லா நலமும் உங்கள் வீட்டில் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள தம்பி மனைவி (இளையாள்)

பின்குறிப்பு: வியாழன் இரவு. மேலே எழுதியிருக்கும் எதையும் செய்யாதீர்கள். கிழித்துப் போடலாம் என்றால் மறுபடி எழுத நேரமில்லை, டீச்சர் காலையில் கிளம்புகிறார். நடந்தது இது. எங்கள் சந்துக்குள் லாரி நுழையாது. ஞாயிறன்று உங்கள் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் காரைத் தெருமுனைவரை கொண்டுபோவது யார் என்று இன்று காலை திடீரென்று பயம் வந்தது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் இந்த நாலு வருஷத்தில் மூத்தாளின் ஸ்டீயரிங்கை நான் தொட்டதில்லை. அவர் கொடுத்ததில்லை, நான் கேட்டதும் இல்லை. சரி, ஒரு ஒத்திகை பார்ப்போம் என்று குழந்தையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, சீட்டை முன்னால் இழுத்து, சாவியைத் திருப்பினேன். அவருக்கு மூன்றாவது தடவைதான் கிளம்பும், அதுவும் கெஞ்சிய பிறகு. எனக்கு முதல் தடவையே கிளம்பிவிட்டது, அண்ணி! தெருமுனையில் திரும்பி வர வேண்டும். கை திரும்பவில்லை. கால்வாய் ஓரமாகப் போய், பாலம் தாண்டி, பெட்ரோல் பங்க் வரை போய்விட்டேன். எட்டு மாதத்தில் இன்றுதான் என் தோளில் பை இல்லை, மடியில் யாரும் இல்லை. பஸ் டிரைவர் ஒருவர் நிறுத்தி வழிவிட்டார். நாற்பத்தைந்து நிமிஷம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தேன். குழந்தை டீச்சர் மடியில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். உடனே பல் டாக்டருக்குப் போன் போட்டு விற்பனைக்கு இல்லை என்றேன். அவர் கெஞ்சினார். அவர் மனைவி போனைப் பிடுங்கி, "நல்ல காரியம் பண்ணினே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலம் உங்கள் தம்பி ஷெட்டுக்குப் போனவர் பத்து நிமிஷம் வரவில்லை. வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. "சீட்டை யாரு முன்னாடி இழுத்தது?" என்றார்.

"நான்தான். ஓட்டினேன்."

"ஓட்டினியா? எத்தனை தடவைல கிளம்புச்சு?"

"ஒரே தடவை."

"சோக் இழுத்தியா?"

"பாதி இழுத்தேன்."

"என்கிட்ட மட்டும் ஏன்..." என்றார், முடிக்கவில்லை. திரும்ப ஷெட்டுக்குப் போய்விட்டார். ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒரு தடவை முயற்சி செய்தார், கிளம்பவில்லை. இரண்டாவது தடவை, கிளம்பவில்லை. பாவமாக இருந்தது. இல்லை, உங்களிடம் எதற்குப் பொய், இனித்தது. இப்போது இரண்டு சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். விளம்பரம் கொடுத்த கதை நமக்குள் இருக்கட்டும். சொந்தத் தம்பி என்று பார்க்காமல், ஒரு சாவியை என்னிடம் கொடுக்கும்படியும், செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் என்னுடையவை என்றும் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள், அண்ணி.