கைதூக்கிச் சாமியின் மஞ்சள் தூண்

நியாலாஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே ஓர் அற்புதமாகிவிட்டது. ஜாசினிலிருந்து வருகிறார்கள், மலாக்காவிலிருந்து வருகிறார்கள், ஜோகூர் எண் பலகையோடுகூட கார்கள் நிற்கின்றன. செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் நடுவில் மஞ்சள் பூசிய சிமெண்டுத் தூண். தூணுக்குப் பக்கத்தில், மெத்தை போட்ட நாற்காலியில் கைதூக்கிச் சாமி.

சாமி செய்வது ஒரே ஒரு வேலை. உங்கள் கையைத் தூக்க வைப்பார். நீங்கள் தூக்க வேண்டாம், அம்மனே தூக்குவாள். அந்த வீடியோ வந்து விழாத கைப்பேசி மலாக்கா மாநிலத்தில் இல்லை.

கொட்டகையைச் சுற்றி முள்கம்பி வேலி. வேலி நெடுக நீல நிறப் பட்டைகள் துவைத்துக் காயப்போட்டதுபோலத் தொங்கின. எல்லாம் ஸ்லிங்குகள். தோள்பட்டை விலகியவர்களுக்கும், கை ஒடிந்தவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களுக்கும் கை அசையக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் மாட்டிவிடுவது.

"எல்லாம் அம்மன் முன்னால கழட்டிப் போட்டுட்டுப் போனவங்களோடது" என்று சாமியின் சீடர் ஒருவர் வருகிறவர்களுக்கெல்லாம் சுற்றிக் காட்டினார். வேலியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. கழற்றிப் போட்டவர்கள் மறுவாரம் எந்த வரிசையில் போய் நின்றார்கள் என்பதை வேலி சொல்லவில்லை. வேலிக்கு எதற்கு அந்த வம்பு?

பெரியநாயகி அந்த வேலியைப் பார்த்ததும் கணவன் பக்கம் திரும்பினாள். தம்புசாமியின் வலது கையிலும் அதே நீல ஸ்லிங். கையை உடம்போடு ஒட்டவிடாமல் இடையில் ஒரு சின்னத் தலையணை. பாச்சாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனைக் கழுவும்போது சோப்புத் தண்ணீரில் வழுக்கி, விழாமலிருக்கக் கதவுப் பிடியைத் தாவிப் பிடித்தார். கீழே விழவில்லை. தோள் தசையை எலும்போடு இணைக்கும் நார்தான் பிய்ந்துகொண்டது.

நாரை இழுத்து எலும்போடு தைத்தாகிவிட்டது. டாக்டரம்மா ஜனகா பொறுமையாக விளக்கியிருந்தார். தையல் நூல் நாரைப் பிடித்து மட்டும்தான் வைத்திருக்கும்; எலும்போடு அது ஒட்டி வளர்வது உடம்பின் வேலை. ரப்பர் கன்றில் மொட்டு ஒட்டுகிறவர்கள் பிளாஸ்டிக் நாடா சுற்றிவிட்டு அடிக்கடி பிரித்துப் பார்ப்பதில்லையே, அதுபோலத்தான் இதுவும். "அண்ணே, நான் சொல்ற வரைக்கும் நீங்களா அந்தக் கையைத் தூக்கவே கூடாது. தூக்கினா தையல் பிச்சுக்கும். மறுபடி தைக்க அங்க நார் மிச்சம் இருக்குமான்னு எனக்கே தெரியாது."

நார் மிச்சமில்லையென்றால் ஸ்டியரிங் இல்லை. வேன் இல்லை. இது தம்புசாமிக்கும் தெரியும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறவனுக்கு, இடது கையால் தோசை பிய்க்கிறவனுக்கு, சொந்த முதுகைத் தானே சொறிய முடியாதவனுக்கு எத்தனை வாரம்தான் தெரிந்துகொண்டே இருக்க முடியும்?

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக் கமலவேணி வீடியோவோடு வந்தாள்.

"அண்ணே, சும்மா போய்ப் பாருங்க லா. என் கை தானா எழும்புச்சு! நான் தூக்கவே இல்ல. சத்தியமா!"

"உன் கைக்கு என்னா?" என்று கேட்டாள் பெரியநாயகி.

"ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லாத கைய எதுக்குத் தூக்கணும்?"

"அக்கா, நீங்க எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கமலவேணி காரைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். தம்புசாமி முன் இருக்கையில் ஏறிவிட்டார். தனியே அனுப்பப் பயந்து பெரியநாயகியும் பின்னால் ஏறினாள்.

கொட்டகையில் சாமி முதலில் அவளைத்தான் அழைத்தார். சந்தேகப்படுகிற முகம் அவருக்கு உடனே தெரிந்துவிடும், தொழில் அப்படி.

"வாம்மா மகளே. தூணை ஒட்டி நில்லு. வலது கையத் தொங்கப் போட்டு, புறங்கையால தூணை வெளிப்பக்கமா அழுத்து. உடம்புல இருக்குற கெட்டதையெல்லாம் தள்ளு. நல்லாத் தள்ளு. மந்திரம் முடியிற வரைக்கும் விடாத!"

மந்திரம் நீளமானது. பாதிக்கு மேல் பெரியநாயகியின் தோள் நடுங்கியது. "இப்ப விலகி வா. கையச் சும்மா விடு" என்றார் சாமி.

அவள் கையைச் சும்மா விட்டாள். கை சும்மா இருக்கவில்லை. யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல மெல்ல மெல்லப் பக்கவாட்டில் எழும்பித் தோள் உயரத்துக்கு வந்து நின்றது. கூட்டம் "தாயே!" என்று அலறியது. பெரியநாயகிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவள் தூக்கவில்லை. அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

"பாத்தீங்களாக்கா?" என்று கமலவேணி விலாவில் இடித்தாள்.

எல்லோருக்கும் எழும்புவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழும்பாதவர்களுக்கும் சாமியிடம் பதில் தயார்: "யாரோ பலமா செய்வினை வெச்சிருக்கான். இன்னும் சில வாரம் வா." எழும்பினால் அம்மன், எழும்பாவிட்டால் எதிரி. உண்டியல் மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவானது.

"உன் வீட்டுக்காரர் கைய டாக்டர் ஜெயில்ல போட்டு வெச்சிருக்கான்" என்று சாமி தம்புசாமியின் ஸ்லிங்கைக் காட்டினார். "இன்னைக்கு அம்மன் விடுதலை பண்ணுவா. போய் உக்காருங்க, கூப்பிடுறேன்."

பெரியநாயகி உட்காரவில்லை. பயம் வந்தால் அவளுக்கு முதலில் தேவைப்படுவது வேறு இடம்.

"தண்டாஸ் எங்க தம்பி?" என்று சீடரைக் கேட்டாள். கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரக் கழிப்பறை இருந்தது. நிமிர்ந்து நின்றாலே கதவில் இடிக்கும் அளவு இடம். தாழ்ப்பாள் இல்லை. அவள் எழுந்து, கதவுக்குப் பக்கவாட்டில் நின்று இடது கையால் உடையைச் சரிசெய்ய, வலது புறங்கையால் கதவை வெளிப்பக்கமாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டியதாயிற்று. வெளியே வரிசை பொறுமை இழந்து கதவைத் தள்ளியது.

"ஆள் இருக்கு லா!" அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். கடைசி ஊக்கு மாட்டும்வரை விடவில்லை. பிறகு வெளியே வந்தாள்.

கை எழும்பியது.

அதே கை. அதே மெல்லிய, நூல் கட்டிய எழும்பல்.

வரிசையில் முதலில் நின்ற பெண் பின்னால் திரும்பிப் பார்த்தாள். "யாருக்குக்கா டாட்டா காட்டுறீங்க?"

பெரியநாயகி தன் கையையே பார்த்தாள். மந்திரம் இல்லை, சாமி இல்லை, மஞ்சள்கூட இல்லை. கழிப்பறைக் கதவு என்ன வரம் கொடுக்கும்? சந்தேகம் தீர இன்னொரு தரம் உள்ளே போய்க் கதவை அழுத்தினாள். வரிசை அவளைத் திட்டியது. வெளியே வந்தாள். மறுபடியும் எழும்பியது.

அப்போதுதான் கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சர்ர்ர். ஸ்லிங்கின் ஒட்டுப்பட்டை பிரியும் சத்தம். தினமும் காலையில் அவர் குளித்ததும் அவள்தானே மாட்டிவிடுகிறாள்! தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

ஓடினாள்.

தம்புசாமி தூணை ஒட்டி நின்றிருந்தார். தோள்பட்டி பிரிந்து தொங்கியது. இடுப்புப் பட்டையில் சாமியின் விரல் இருந்தது.

"ஏங்க! கைய அசைக்காதீங்க! அப்படியே நில்லுங்க!"

"மகளே, அம்மன் காரியத்துல குறுக்க வராத" என்றார் சாமி.

"குறுக்க வரல சாமி. ஒரு சந்தேகம், கேட்டுட்டுப் போயிடுறேன். கையத் தூக்குறது யாரு?"

"அம்மன்."

"மந்திரத்துக்குக் கட்டுப்பட்டு?"

"ஆமா!"

"அப்ப தூண் வேணாம். மந்திரம் மட்டும் சொல்லுங்க."

கூட்டத்தில் முணுமுணுப்பு. முன் வரிசையில் செம்பனை லாரி ஓட்டும் தினேஸ்வரன் நின்றிருந்தான். அன்று காலை எல்லோரையும்விட உயரமாக எழும்பியது அவன் கைதான். "நான் நிக்கிறேன்க்கா" என்று வெட்டவெளியில் வந்து நின்றான். சாமி மந்திரம் சொன்னார். விபூதி அடித்தார். மறுபடி சொன்னார். தினேஸ்வரனின் கை தொங்கியது தொங்கியபடியே இருந்தது. கொசு கடித்தபோது மட்டும் ஒரு தடவை எழும்பியது.

"அம்மன் இன்னைக்கு சூத்தியா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். தோட்டத்தில் லீவுக்கு அதுதான் பெயர்.

"இப்ப மந்திரம் வேணாம்" என்றாள் பெரியநாயகி. "தம்பி, அந்தா நிக்கிற உன் லாரிய ஒட்டி நில்லு. புறங்கையால அழுத்து. நல்லா!"

"மந்திரத்துக்குப் பதிலா என்னாக்கா சொல்லப் போறீங்க?"

அவள் யோசித்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள். "வெங்காயம். உருளைக்கிழங்கு. சார்டின் டின். துணி சோப்பு. நெத்திலி..." நாளைக்கு வாங்க வேண்டிய சாமானெல்லாம் தீர்ந்ததும் "வெலகி வா" என்றாள்.

தினேஸ்வரனின் கை கம்பீரமாக எழும்பியது.

அவன் தன் கையைப் பார்த்துவிட்டு, "அலாமா! சார்டின் அம்மன்!" என்றான். கூட்டம் வெடித்துச் சிரித்தது. அதற்குப் பிறகு யார் சொல்லியும் நிற்கவில்லை. ஒருவர் காரில் அழுத்தினார், ஒருவர் செம்பனை மரத்தில் அழுத்தினார், கமலவேணி உண்டியலிலேயே அழுத்தினாள். சற்று நேரத்தில் வாசல் முழுக்கச் சோளக்கொல்லைப் பொம்மைகள் மாதிரி கைகள் மிதந்தன.

கை எழும்பியது பொய்யில்லை. அதற்குச் சொன்ன காரணம்தான் பொய். ஒரு தசையை ஒரு நிமிடம் இடைவிடாமல் தள்ள வைத்தால், நாம் நிறுத்திய பிறகும் உள்ளே போன உத்தரவு உடனே நிற்பதில்லை. தசை தன்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. தடுக்கத் தூண் இல்லாததால் கை மேலே போகிறது, அவ்வளவுதான். சிலருக்கு இழுப்பு குறைவு; அவர்களுக்கு எழும்பாது. செய்வினையும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஆனால் தைத்துப் புண் ஆறாத தோளில் இதே விளையாட்டை விளையாடினால்? அங்கே இழுபடப் போவது தையல்.

இதைத் தம்புசாமிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மிதக்கும் கைகளைப் பார்த்தார். தன் தோளைப் பார்த்தார். "நாயகி, சீக்கிரம் மாட்டு" என்றார். அவள் தலையணையைச் சரியாக வைத்து, முழங்கையை உள்ளே தள்ளி, பட்டையை இழுத்து ஒட்டினாள்.

சாமி இன்னும் தோற்கவில்லை. "பக்தர்களே! அம்மன் தூண்லயும் இருப்பா, லாரியிலயும் இருப்பா. எங்கும் நிறைஞ்சவ!"

"பின்னால தண்டாஸ் கதவுலயும் இருக்காளா சாமி?" என்றாள் பெரியநாயகி. "எனக்கு அங்கயும்தான் எழும்புச்சு. எல்லா எடத்துலயும் இருக்குறவளப் பாக்க நாங்க எதுக்கு நியாலாஸுக்கு வரணும்?"

சாமி உண்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வேலி ஓரத்திலிருந்து மாரியம்மா என்ற வயதான பெண் முன்னால் வந்தாள். ஒரு நீல ஸ்லிங்கை வேலியிலிருந்து எடுத்து மார்போடு பிடித்திருந்தாள். "இது என்னோடது. கழட்டினதுலேர்ந்து வலி கூடிப்போச்சு. சொன்னா எனக்குத்தான் பக்தி இல்லேன்னு திட்டுவாங்கன்னு வாயத் தொறக்கல." அவளுக்குப் பின்னால் இன்னொருவர் வேலியில் தன்னுடையதைத் தேடினார். பிறகு இன்னொருவர். சிரிப்பு மெல்ல அடங்கியது. கூட்டம் சாமியின் பக்கம் திரும்பியது.

சாமி ஆபத்தை உணர்ந்து எழுந்தார். எழுந்தவர் "ஐயோ!" என்று மறுபடி நாற்காலியில் விழுந்தார். காவி வேட்டி விலகியது. வலது முழங்காலைச் சுற்றி இரும்புப் பட்டை வைத்த கறுப்பு நிற முழங்கால் கவசம். ஒட்டுப்பட்டைகள் இறுக்கமாக, ஒழுங்காக, ஒன்றுகூடப் பிசகாமல் ஒட்டியிருந்தன.

தினேஸ்வரன் குனிந்து பார்த்தான். "என்னா சாமி இது? கழட்டிருவோமா? அம்மன் விடுதலை பண்ணட்டும்!"

"டேய், தொடாத!" சாமி இரண்டு கையாலும் முட்டியைப் பொத்திக்கொண்டார். "ஆப்ரேஷன் பண்ண கால்டா! கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு!"

யாரும் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை.

மகா ஜனங்களே, உங்கள் கையை அம்மனிடம் விடச் சொல்கிறவர் தன் முட்டியை யாரிடம் விட்டிருக்கிறார் என்று ஒரு தடவை வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கும்பிடுங்கள்.