பேன் பால்ம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது. அதற்கு முன்னால் யார் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பேன். அந்தக் குணத்தால் என் அக்காவின் கல்யாணத்தை ஒரு காலை வேளையில், ஒரே ஒரு துண்டு ரொட்டியால் கிட்டத்தட்ட முறித்துவிட்டேன்.

அப்போது எனக்குப் பதினெட்டு வயது. பாகூரில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவன். (எப்படித் தேறினேன் என்பது எனக்கும் வாத்தியாருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.) ஊரில் யாருக்குப் பத்திரம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பயமில்ல, போ" என்பேன். நல்லவேளையாக யாருக்கும் ஆபத்து வரவில்லை.

அக்கா தனத்துக்கு இரண்டு வரன்கள் கூடிவந்து கலைந்துபோயிருந்தன. மூன்றாவதாக, மதகடிப்பட்டுச் சந்தையில் மாடு பிடிக்கப் போன அப்பாவுக்கு ஒரு தரகர் மூலம் மாப்பிள்ளை கிடைத்தார். பெயர் சபாபதி. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். சென்னப்பட்டணத்தில் சிந்தாதிரிப்பேட்டையில் தாயாரோடு இருந்துகொண்டு அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் வேலை செய்தார். ஜாதகம் பொருந்திவிட்டது. தாயாரம்மாளை நேரில் பார்த்துப் பேசி, கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை வாங்கி வரவேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து அப்பா வைக்கோல் போரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதனால் நான் புறப்பட்டேன்.

"இதுவும் போச்சுன்னா இனிமே எனக்குப் பாக்காதீங்கப்பா" என்று அக்கா முதல் நாள் அப்பாவிடம் சொன்னாள். அழவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள். எனக்கு அது அழுததைவிட மோசமாக இருந்தது.

எங்களுக்குச் சென்னப்பட்டணம் வெளிநாடு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் பாகூரைத் தாண்டினால் எல்லாமே இங்கிலீஷ்காரன் சீமைதான். நடுவில் சுங்கச்சாவடி. புதுச்சேரிச் சாமான் எதையும் அங்கே லேசில் விடமாட்டார்கள் என்று கேள்வி. சம்பந்தியம்மாளுக்காக அப்பா புதுச்சேரியிலிருந்து வரவழைத்த சென்ட் பாட்டிலை நான் இடுப்பில் சொருகியிருந்தேன். தூரத்தில் சாவடி தெரிந்ததுமே பாட்டிலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒதுங்கப் போகிறவன் மாதிரிப் போய், பாட்டிலை ஒரு தாழம்புதரில் வைத்துவிட்டு வந்தேன். சாவடிக்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டே "போங்க, போங்க" என்றார். என் பையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, கடலூரில் ரயிலேறிய நான் வெறுங்கையோடுதான் எழும்பூரில் இறங்கினேன். அவ்வளவு ஜனத்தை நான் அதுவரை தேரோட்டத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இங்கே தேரே இல்லாமல் எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். டிராம் வண்டியைப் பார்த்து நான் ஒதுங்கி நின்றேன். அது தண்டவாளத்தை விட்டு என்னைத் துரத்திக்கொண்டு வராது என்று ஒருவர் சொல்லித்தான் நகர்ந்தேன்.

வெறுங்கையோடு சம்பந்தி வீட்டுக்குப் போகலாமா? சிந்தாதிரிப்பேட்டைக்குள் நுழைந்ததும் ஒரு கடை தென்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சின்ன டப்பிகள். ஒன்றின் மேல் வெள்ளைக்காரன் எழுத்து. எனக்கு உயிர் வந்தது. எழுத்துக் கூட்டினேன். பே, ஆ, இ, என். பேன்.

இங்கே ஒன்று சொல்லியாகவேண்டும். பிரெஞ்சில் ரொட்டிக்குப் 'பேன்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இதைச் சொல்லிக்கொடுத்த அன்று வகுப்பே தலையைச் சொறிந்தது. அதனால் நான் மறக்காமல் வைத்திருந்த நாலைந்து பிரெஞ்சு வார்த்தைகளில் அதுவும் ஒன்று. அடுத்த வார்த்தை பால்ம் என்று வந்தது. அதில் பால் இருக்கிறதே. ரொட்டிக்கு என்று பாலிலிருந்து எடுத்த ஏதோ ஒன்று. மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். வழவழவென்று வெண்ணெயேதான். வாசனை மட்டும் கொஞ்சம் மூக்கில் ஏறியது. வெள்ளைக்காரன் மாடு என்ன தின்கிறதோ என்று விட்டுவிட்டேன்.

"பெரிசு ஒண்ணு குடுங்க" என்றேன்.

"கொஞ்சமாத் தடவினாலே போதும் தம்பி" என்றார் கடைக்காரர். சிக்கனமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். (அது இங்கிலீஷ் என்பதும், இங்கிலீஷும் பிரெஞ்சும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு வெவ்வேறு பேச்சுப் பேசும் என்பதும் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.)

தாயாரம்மாள் ஒற்றை நாடியாக, சிரித்த முகத்தோடு இருந்தார். சபாபதி விடியற்காலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். நான் போய் உட்கார்ந்ததும் ஒரு தட்டு வந்தது. அதில் ரொட்டி.

"பிரெஞ்சுக்காரன் ஊர்ல காலைல ரொட்டிதான் துன்னுவாங்கன்னு பையன் சொன்னான். அதான் வாங்கியாரச் சொன்னேன்" என்றார்.

நான் காலையில் கூழ் குடிப்பவன். ரொட்டியை வாழ்நாளில் இரண்டு முறை தின்றிருப்பேன். இரண்டுமே காய்ச்சலின்போது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "ஆமாங்க, ரொட்டி இல்லாம எங்களுக்குப் பொழுதே விடியாது" என்றேன். டப்பியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இன்னா தம்பி இது?"

"பேன் பால்முங்க."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. "பேனா?"

"பிரெஞ்சுல ரொட்டிக்குப் பேரு அது. இது ரொட்டிக்குத் தடவுற வெண்ணெ."

எனக்கு ஒரு துண்டு, அவருக்கு ஒரு துண்டு. இரண்டிலும் விரலால் வழித்துத் தாராளமாகத் தடவினேன். விருந்தாளி என்பதால் முதலில் நான் கடித்தேன்.

முதலில் குளிர்ந்தது. பிறகு எரிந்தது. பிறகு மூக்கு, காது, கண் எல்லாம் ஒன்றாகத் திறந்துகொண்டன. பிறந்ததிலிருந்து அடைத்திருந்ததெல்லாம் விட்டுப்போனது. துப்பலாம் என்றால் எதிரே சம்பந்தியம்மாள். விழுங்கினேன்.

"எப்டி இருக்குது?" என்று கேட்டார்.

"நல்லா... இருக்குதுங்க" என்றேன். கண்ணீர் மோவாயில் சொட்டியது.

அதை நம்பி அந்த அம்மாளும் ஒரு வாய் கடித்துவிட்டார். கண் இரண்டும் அகலமாயின. எழுந்து போய் மூன்று செம்பு தண்ணீர் குடித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னா தம்பி இப்டி எரியுது?"

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "எங்க ஊர்ல அப்டித்தாங்க. பழகிட்டா தெரியாது."

"உங்க அக்காவும் இதயா துன்னும்?"

"தினம் காலைலங்க."

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்தார், டப்பியைப் பார்த்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார். "தப்பா நெனச்சிக்காத தம்பி. நாங்க பழைய சோறு துன்ற ஜனம். இந்த மாரி பழக்கம் நம்ம வூட்டுக்கு ஒத்துவராது. பொண்ணு இங்க வந்து கஷ்டப்படக் கூடாது பாரு. அப்பாகிட்ட பக்குவமா சொல்லிடு."

எரிச்சல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவின் கைதான் கண்ணில் வந்தது. மூன்றாவது வரனை நானே கெடுத்துவிட்டேன். எழுந்திருக்க முடியாமல் மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவரும் போகச் சொல்லவில்லை. நல்ல மனுஷி.

மத்தியானச் சாப்பாட்டுக்குச் சபாபதி வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். "யாருக்கும்மா தலவலி?" என்று கேட்டுக்கொண்டே டப்பியை எடுத்தார். நாள் முழுக்கத் தலைகீழான எழுத்தையே படிக்கிற மனிதர். நேராக இருப்பதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? "இது வலிக்குத் தடவுற மருந்தாச்சே. இங்கிலீஷ்ல பேன்னா வலி" என்றார்.

தாயாரம்மாள் நெஞ்சில் கைவைத்தார். "அய்யய்ய, இதயா அந்தப் பொண்ணு தினம் காலைல துன்னுது?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. பதினெட்டு வயது ஆண்பிள்ளை அழுதுவிட்டேன். "இல்லீங்க. அக்கா ரொட்டியே துன்னதில்ல. கூழுதான் குடிக்கும், நானும்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பிரெஞ்சும் அவ்ளவா தெரியாது. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சிங்க. என்ன எத வேணா சொல்லுங்க, அக்காவ வேணாம்னு சொல்லிடாதீங்க."

சபாபதியின் தோள்தான் முதலில் குலுங்கியது. சிரித்துச் சிரித்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"போன வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிக. 'மணமகன்'னு கோக்க வேண்டியத 'பிணமகன்'னு கோத்துட்டேன். ஊரெல்லாம் குடுத்தப்புறம்தான் பாத்தாங்க. இந்த வூட்டுல இத்தினி நாளா நான் ஒருத்தன்தான் கெட்டிக்காரன். தொணைக்கு ஒரு மச்சான் வேணும். அம்மா, முடிச்சிடு."

தாயாரம்மாள் இன்னும் வாயை ஊதிக்கொண்டிருந்தார். "கூழு குடிக்கிற பொண்ணுன்னா சரிதான். தையில வெச்சிக்கலாம்னு அப்பாகிட்ட சொல்லு" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. சீர்த்தட்டு வரிசையில் பழம், பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஒரு டப்பியும் இருந்தது. தாயாரம்மாள்தான் வைத்தார். "பொண்ணோட தம்பிக்கு, பாகூர் வெண்ணெ" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார். அன்றோடு அந்த மருந்துக்கு எங்கள் வம்சத்தில் வேறு பெயர் கிடையாது. அக்காவின் பிள்ளைகள் அதைச் சொல்லியே வளர்ந்தார்கள். சபாபதி மாமா ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு ஒரு டப்பி அனுப்பி வைப்பார். அவர் போய்விட்டார். அந்த டப்பி வராத முதல் தீபாவளியன்று நான் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

போன மாதம் அக்காவைப் பார்க்கச் சென்னைக்குப் போயிருந்தேன். இப்போது சாவடியும் இல்லை, வெளிநாடும் இல்லை. அக்காவுக்கு முட்டிவலி. மருந்து தீர்ந்துவிட்டது என்றாள். அவள் பேரனைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். "பாகூர் வெண்ணெ ஒண்ணு" என்றான் பேரன். கடைக்காரப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்து வைத்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்பா, இதுக்கு ஏன் அந்தப் பேரு?" என்று கேட்டேன்.

அந்தப் பிள்ளை ஒரு கணம் டப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பாண்டிச்சேரிகிட்ட பாகூர்னு ஒரு ஊருங்க. அங்க பசும்பால்ல செய்யறாங்க பெரியவரே" என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இரண்டு டப்பியாக வாங்கிக்கொண்டேன்.