புட்டுக்குழலும் மூன்று கேள்விகளும்

“லண்டன் ரயில்வேயின்ரை பாதுகாப்பை ஒரு புட்டுக்குழலாலை திருத்தி வைச்சவன் நான்!” என்றார் யாக்கோப்பு.

வெம்பிளி தேநீர்க் கடையில் எதிரே இருந்த பாலேந்திரா, மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி சிரித்தார். “புளுகுக்கும் ஒரு அளவு வேணும், அண்ணை.”

“பொய்யெண்டால் காதை அறுத்துத் தாறன். கேளும்!”

யாக்கோப்புவின் மனைவி இம்மாகுலேற் காலமாகி எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் அவரோடு பேசியது சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் மெஷின் மட்டும்தான். அதுவும், “பொருளைப் பையில் வையுங்கள்” என்று அதட்டியது.

அப்போதுதான் ஸ்டேஷன் வாசலில் புதிதாகச் சோதனை மேசை போட்டார்கள். குண்டு கிண்டு இருக்குமோ என்று ஒரு பெண் அதிகாரி அவரை மறித்தார்.

“பையை நீங்களா அடுக்கினீர்கள்? எங்கே போகிறீர்கள்? அங்கே உங்களுக்காக யாராவது காத்திருக்கிறார்களா?”

மூன்று கேள்வி! ஒரே மூச்சில்! யாக்கோப்பு பதினேழு நிமிடம் பதில் சொன்னார். நான்கு ரயில் போய்விட்டது.

மறுநாளும் போனார். ஒருவரும் மறிக்கவில்லை. அடுத்த நாள், யாழ்ப்பாணத்துக்குப் பார்சல் கட்டுவதுபோல் புட்டுக்குழலைப் பழுப்பு டேப்பால் பத்துச் சுற்றுச் சுற்றிக் கொண்டுபோனார். வந்தார்கள் நால்வர், ஒரு நாயோடு! பிரித்துப் பார்க்க ஒரு மணித்தியாலம். புட்டு அவிக்கிற விதத்தை விளக்க இன்னொரு மணித்தியாலம். நாய்கூடத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது.

நாலாம் வாரம் விழுந்தது இடி.

“மிஸ்டர் புட்டு! உங்களைத் தெரியாதா? போங்கள், போங்கள்!” என்றார் அதே பெண் அதிகாரி.

தெரிந்தவராகிப் போனதால் கதையே நின்றுபோனது.  யாக்கோப்பு நேரே வீட்டுக்கு வந்து ரயில்வேக்குப் பத்துப் பக்கக் கடிதம் எழுதினார். பயங்கரவாதிக்கும் சிரித்த முகம் இருக்கலாம். தெரிந்த முகம், நரைத்த தலை என்று விடாமல் மறித்து, மூன்று கேள்வியையும் ஆறுதலாகக் கேட்கவேண்டும் என்று.

“நன்றி சொல்லிப் பதில் வந்தது, பாலேந்திரா! போன திங்கள் தொடக்கம் கிழடு கட்டையளையும் மறிக்கிறாங்கள்!”

“விடுங்கோ அண்ணை. உதுகளைப் போய்ப் பாக்க எனக்கெங்கை நேரம்? வீடு முழுக்கப் பேரப்பிள்ளையள்.”

பாலேந்திரா அவசரமாக எழுந்தார். பை மேசைக்காலில் இடித்து ‘டங்’ என்றது.

“உதென்ன காணும், பைக்குள்ளை?”

 பாலேந்திரா மறுபடி மெல்ல உட்கார்ந்து, பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஓர் இடியப்ப உரல். பழுப்பு டேப், பத்துச் சுற்று.

“நீங்கள் சொன்னது நடந்ததுதான், அண்ணை. ரண்டு மாசமா இதைக் காவிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாத் திரியிறன். போன திங்கள்தான் முதல்தரமா என்னையும் மறிச்சுக் கேட்டவங்கள், எனக்காக ஆரும் காத்திருக்கினமோ எண்டு.”